கம்பெனி கேட்டில் நின்ற என் மகள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நடுவில் பேசவும் எனக்கு வராது. அதனால் இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நடந்தது போன வருடம் மார்ச் மாதக் கடைசியில். ஒரகடம் பக்கம் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் நிற்கிறேன். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், மேலே இருக்கும் இரும்பு இறங்கி ஒரே அடியில் அதை வளைத்துவிடும். வீடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஆறு வீடுகளில் ஒன்று. நான், தையல் வேலை செய்யும் என் மனைவி, அப்போது எட்டாம் வகுப்புப் படித்த எங்கள் ஒரே மகள்.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். கம்பெனியிலும் எனக்கு அடுத்த மெஷின். என் மகள் அவரை மாமா என்று கூப்பிடுவாள். அதற்கு முந்தின வருடம் ஒரு நாள், மெஷினில் அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. இரண்டு எட்டு தூரத்தில் நான் நின்றிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, காலையில் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். "பாப்பா, இந்தப் பித்தானக் கொஞ்சம் மாட்டி விடுதியா?" என்பார். அவள் மாட்டிவிடுவாள். ஒரு மாதத்தில் அவர் ஊருக்கே போய்விட்டார்.

அவர் போன அன்று மகள் என்னிடம் கேட்டாள். "உனுக்கும் அந்த மாதிரி ஆவுமாப்பா?"

"அவரு கவனமில்லாம இருந்தாரு. அப்பா கவனமா இருப்பேன். எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அது பொய். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, வேலை வேகமாக ஓடட்டும் என்று அப்போது வேலை செய்யாதபடி கட்டி வைத்திருந்தார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அவள் மாறினாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு மணி ஷிப்டில் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் டீ. அந்த நேரத்தில் கேட்டுக்கு வந்து அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு என்று மகள் கெஞ்சினாள். கொடுத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடம் கிளம்புவாள். கொஞ்ச நாளில் பதினொரு மணி சாப்பாட்டு நேரத்திலும் ஒன்று வேண்டும் என்றாள். அதையும் கொடுத்தேன். அதைப் பார்க்கப் பள்ளி இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்தாள். டீ குடிக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பிறகு காலையில் வயிற்று வலி, வாந்தி. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். மந்திரித்தோம். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். பொங்கலுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். பாசம் என்று நினைத்தேன்.

அந்த மார்ச் கடைசியில் ஒரு நாள் சரக்கு ஏற்ற லாரி வந்து காத்திருந்தது. யாரும் லைனை விட்டு நகரக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். டீ, நாங்கள் நின்ற இடத்துக்கே வந்தது. சாப்பாட்டையும் ஒவ்வொருவராகப் போய் ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு வந்தோம். ஒரு நாள்தானே என்று நானும் இரண்டு மிஸ்டு காலையும் விட்டுவிட்டேன்.

ஒரு மணி இருக்கும். சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாய்யா, உன் வூட்லேர்ந்து ஆடிட்டரு வந்துகீது. கேட்டாண்ட நிக்கிது, போய் கணக்கு காட்டிட்டு வா."

லைன் முழுக்கச் சிரித்தது.

கேட்டில் என் மகள் நின்றிருந்தாள். வீட்டுத் துணி, ஒரு காலில் மட்டும் செருப்பு. கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டில், நடைபாதை கூட இல்லாத ஓரத்தில், ஐந்து கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். அந்த ரோட்டை எப்படிக் கடந்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவள் வெளியே போனதே மனைவிக்குத் தெரியவில்லை.

வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் என் பின்னாலேயே வந்திருந்தார்கள். "புள்ள அப்பனுக்குப் பால்புட்டி எடுத்தாந்துகீது போல" என்றான் ஒருவன். பதினான்கு வருடம் அந்தக் கம்பெனியில் ஒருவர் வாயிலும் விழாமல் வேலை பார்த்தவன் நான். எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவள் கன்னத்தில் அறைந்தேன்.

அவள் அழவில்லை. அறைந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். அது முடிந்ததும் என் இடது கையை இழுத்து அதையும் எண்ணினாள். பத்து வந்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

என் பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

பெண்களைச் சோதித்து உள்ளே விடுகிற செக்யூரிட்டி அம்மா ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயைத் துடைத்துவிட்டார். இரண்டு வருடமாக அவரைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அடிக்காதண்ணா. இது திமிரு இல்ல, நோவு. என் அக்கா பொண்ணு இப்டிதான் இருந்திச்சி. கவருமெண்டு ஆஸ்பத்திரில மனசுக்குப் பாக்கற டாக்டரு வர்ற நாளு கீது, இட்டுனு போ."

"பைத்தியம்னு சொல்லுவாங்களே" என்றேன்.

"சொல்றவன் இன்னா வந்து உன் புள்ளயப் பாத்துக்கவா போறான்?"

அந்த வாரமே போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, இது பதற்ற நோய், பிள்ளைகளுக்கும் வரும் என்றார். வயிற்று வலி நடிப்பு இல்லை, பயம்தான் வயிற்றில் வலியாக வருகிறது என்றார். கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்து, அங்கேயே ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார். மிஸ்டு கால் விஷயத்தை நான் பெருமையாகத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த மிஸ்டு கால் வந்தா ஒரு மணி நேரம் அடங்குவா. ஆனா அது வரலேன்னா அப்பா இல்லன்னு நீங்களே அவளுக்குப் பழக்கிட்டீங்க" என்றார்.

இரண்டாம் முறை போனபோது, எதற்காக அப்பாவை நினைத்து இவ்வளவு பயம் என்று அவர் மகளைக் கேட்டார். அவள் சொன்னாள்.

"அப்பாவுக்கு பயமே இல்ல. பயம் இல்லன்னா கவனிக்க மாட்டாரு. அதான் நான் பயப்படறேன்."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

அறையில் மனைவியும் இருந்தாள். "கீதும்மா. தெனமும் கீது" என்றேன். பிறகு மகளைப் பார்த்து, "மாமா கவனமாத்தான் இருந்தாரும்மா. மெஷினுதான் சரியில்ல. எனக்குத் தெரியும். நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்றம் எப்டிப்பா போற?"

"மொத அம்பது அடி அடிக்கற வரிக்கும் கை நடுங்கும். நின்னுனே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும்" என்றேன்.

இவளுக்கும் இதைத்தான் பழக்கப் போகிறோம் என்றார் அந்த அம்மா.

முதலில் பதினொரு மணி மிஸ்டு காலை நிறுத்தினோம். பயம் பத்துக்கு எத்தனை என்று அவள் நோட்டில் எழுத வேண்டும், அரை மணி கழித்து மறுபடி எழுத வேண்டும். முதல் நாள் பத்து, அரை மணி கழித்தும் பத்து. கதவில் தலையை முட்டிக்கொண்டாள். மனைவி போனைத் தொடாமல் அவளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் மெஷினில் நின்ற எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பத்து ஒன்பதாகவே மூன்று வாரம் ஆனது. எட்டு மணி மிஸ்டு காலையும் நிறுத்த ஆடி மாதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான். ஒரு வாரம் வாசல் வரை, ஒரு வாரம் ஒரு பாடம். எட்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சையை அவள் எழுதவில்லை, ஆனாலும் ஒன்பதுக்கு ஏற்றிவிட்டார்கள். கூட இருந்த பிள்ளைகள் சிலர் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

இப்போது பத்தாம் வகுப்பு. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில காலைகளில் வாந்தி வருகிறது, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்புகிறாள். நானும் அதே மெஷினில்தான் நிற்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொல்வதை விட்டுவிட்டேன். அந்த வாக்கைக் கொடுக்க என்னால் முடியாது என்று அவளுக்கும் தெரியும். "பயமாத்தான் கீது, போய்ட்டு வரேன்" என்கிறேன். "எனக்கும்தான்" என்கிறாள்.

நான் மறைத்து வைத்த பயத்தை ஒரு வருடம் தனியாகச் சுமந்து, என்னைக் காவல் காத்த பிள்ளையைத்தான் அன்று நாலு பேர் பார்க்க அறைந்தேன் என்பதை, தினமும் பொத்தானில் கை வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்தது: ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.