ஹார்பின் நல்லா இருக்காரா?

இன்று ராஜபாளையத்தில் புது காமிக்ஸை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிட்டேன்.

கதாநாயகன் ஷெரிஃப் ஹார்பின் சுடப்பட்டு, பனியில் இறந்து கிடக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் படித்துவரும் ஹார்பின்.

அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடினேன், திறந்தேன், திரும்பவும் மூடினேன்.

பக்கத்து சீட்டில் நர்ஸ் உடுப்பில் ஒரு அக்கா. அட்டையையே பார்த்துக்கொண்டு வந்தவர் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, ஹார்பின் நல்லா இருக்காரா?”

வெளியூரில் இருக்கும் சித்தப்பாவை விசாரிப்பதுபோல இருந்தது. கதையை இன்னும் படிக்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. மடவார்வளாகம் ஸ்டாப்பும் வந்துவிட்டது, அடுத்தது பஸ் ஸ்டாண்ட்.

“நல்லா இருக்காருக்கா” என்றேன் கடைசியில்.

அவர் கண் கலங்கிவிட்டது.

“நான் காலையிலயே படிச்சிட்டேன் தம்பி. வீட்ல சொன்னா சிரிக்காங்க. நல்லா இருக்காருன்னு யாராச்சும் சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு.”

பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். “என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“வேண்டப்பட்டவரு ஒருத்தர் தவறிட்டாரு.”

அவள் அடுப்பை அணைத்தாள். சேலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். “எப்ப எடுக்காங்களாம்?” என்று கேட்கிறாள்.

என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், செருப்பு மாட்டிவிட்டாள்.