மணிமேகலைக்கு வந்த கூலர்

மணிமேகலை பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அதனால்தான் ஒரே ஒரு பொய்யில் அப்படி வசமாக மாட்டிக்கொண்டாள். வாய் கூசாமல் புளுகுகிற ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. காலையில் சொன்னதை மத்தியானமே மறந்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நார்த்தாமலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அவளுடைய அப்பா மலையாண்டி கல் குவாரியில் வேலை பார்த்தவர். அம்மா செவந்தி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒரே பிள்ளை. புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்தே சிவில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். இனிமேல்தான் கட்டப் போகிற வீட்டை, கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டுகிற வேலை. அவள் திரையில் கட்டும் வீடுகளில் நீச்சல் குளமெல்லாம் இருக்கும். அதை அவள் இப்போது கட்டுவது, ஊர் வீட்டில், நடுவில் பிளைவுட் தட்டி அடித்து இரண்டாக மறைத்த ஒற்றை ஹாலின் ஒரு பாதியில் உட்கார்ந்து. மறுபாதியில் அப்பாவின் கட்டில்.

மலையாண்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் அவள் சென்னையை விட்டு வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டபோது, குடும்பச் சூழ்நிலை என்று மட்டும் கம்பெனியில் சொன்னாள்.

அவருக்கு வந்திருப்பது குவாரித் தூசியால் வருகிற வியாதி. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்வார். எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. நெஞ்சுச் சளி என்போம். பாதி ஊருக்கு நெஞ்சுச் சளி. கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் உண்மைப் பெயர் தெரிந்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வாசலோடு போய்விடுவார்கள் என்று பயம். என்னைக் கேட்டால், வெட்கப்பட வேண்டியவர்கள் கல்லை விற்றவர்கள். ஆனால் வெட்கமெல்லாம் கல்லை உடைத்தவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மணிமேகலையைப் பெண் பார்க்க விராலிமலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தபோது, மலையாண்டியை அவருடைய ஆக்ஸிஜன் மெஷினோடு அவர் தங்கச்சி பிரகதாம்பாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அண்ணனக் காணோமே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, "ஒரு சோலியா ஆவுடையார்கோவில் வரைக்கும் போயிருக்காக" என்றார் செவந்தி. மனுஷன் பக்கத்துத் தெருவில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். காபித் தட்டோடு நின்ற மணிமேகலை தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணுக்கு நல்ல அடக்கம் என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, அது வேறு கதை.

அந்த மெஷின் சும்மா ஓடாது. உர்ரென்று ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும். நடுநடுவே புஸ்ஸென்று காற்றை விடும். வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தவர்களுக்குப் பழகவில்லை.

வீட்டிலிருந்து கலந்துகொண்ட முதல் மீட்டிங்கிலேயே ராம்நாத் கேட்டுவிட்டார். அவர்தான் அவளுடைய டீம் லீடர். திருமயம் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. நம்ம மாவட்டத்துப் பிள்ளை என்று அவள்மேல் தனிப் பிரியம்.

"மணி, உங்க சைடுல ஏதோ சத்தம் வருதே, என்னது?"

அவள் யோசிக்கவே இல்லை. "கம்ப்யூட்டர் ஃபேன் சார்" என்று வாய் முந்திக்கொண்டது.

எதிரே மேஜையில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். அதன்மேல் பழியைப் போட்டாள். அது பதில் பேசாது என்று நினைத்திருப்பாள். ஆனால் யாரிடம் எந்தப் பொய்யைச் சொல்கிறோம் என்று ஒரு கணக்கு வேண்டாமா? ராம்நாத்துக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். அதிலும் சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர் என்றால் கோவில் திருவிழா மாதிரி. மணிமேகலைக்குக் கம்பெனி கொடுத்ததே அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெட்டிதான். மிக்ஸி வருகிற அட்டைப் பெட்டியைவிடச் சின்னது. ஆபீசுக்கு வரச் சொன்னால் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

அடுத்த மீட்டிங் முடிந்ததும் அவளை மட்டும் இருக்கச் சொன்னார். "நான் கவனிச்சுக் கேட்டேன் மணி. சத்தம் ஒரே மாதிரி இல்ல. உர்ருன்னு வருது, திடீர்னு புஸ்ஸுன்னு ஏறுது, அடங்குது. ப்ராசசர் சூடாகுறப்பல்லாம் ஃபேன் வேகம் எடுக்குது. அப்ப அது மேல உக்காந்து சூட்டத் தணிக்கிற கூலர் பத்தலன்னு அர்த்தம். தப்பு என்னோடதுதான், நான்தான் அந்தக் கூலரப் போடச் சொன்னேன். மாத்திருவோம்."

தன்மேல் தப்பு என்று அவர் சொன்னதும் மணிமேகலைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "பரவால்ல சார், சமாளிச்சுக்கிறேன்" என்று மென்று விழுங்கினாள். அவர் விடுகிற ஆள் இல்லை.

"ஸ்கேல் இருக்கா? மூடியக் கழட்டிட்டு, ப்ராசசர் மேல்மட்டத்துலேருந்து மூடி வரைக்கும் எவ்வளவு ஒசரம்னு அளந்து சொல்லுங்க."

பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த ஸ்கேலை எடுத்து அளந்தாள். ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குள் அடங்குகிற கூலராகத் தேட வேண்டும். சென்னையில் ராம்நாத்தும் இங்கே இவளும் தேட ஆரம்பித்தார்கள். மிகக் குட்டையான ஒன்று முப்பத்தேழில் கிடைத்தது. அதில் ஃபேனும் சின்னது. சின்ன ஃபேன் அதே சூட்டை விரட்ட வேண்டுமென்றால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தம்தான் கூடும் என்று ராம்நாத் தள்ளிவிட்டார். ஐம்பத்துமூன்றில் ஒன்று இருந்தது. பெரிய ஃபேன், நல்ல பெயர். ஆனால் மெமரி குச்சியின் தலையில் இடிக்கும். அதோடு, ஃபேன் மூடியில் ஒட்டினாற்போல நின்றால் காற்றை உறிஞ்சுகிற சத்தம் தனியாகக் கேட்குமாம். தண்ணீரில் குளிர வைப்பதற்கோ பெட்டிக்குள் இடமே இல்லை.

கடைசியில் நாற்பத்தேழு மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்றைப் பிடித்தார்கள். "மேல எட்டு மில்லிமீட்டர் கேப் கிடைக்கும். ஃபேனுக்கும் மூச்சு விட எடம் வேணும்ல" என்றார் ராம்நாத் உற்சாகமாக. மணிமேகலை தட்டியைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மெஷின் புஸ்ஸென்றது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஆரம்பத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்வதற்கு வெட்கம். பிறகு, ஒரு மனுஷனை இத்தனை நாள் அலைய விட்டுவிட்டு எந்த முகத்தோடு சொல்வது என்று வெட்கம். முதல் வெட்கத்தை இரண்டாவது வெட்கம் பூட்டி வைத்துவிட்டது. டீமில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அத்தனை பேருடைய நல்ல மனசும் அவளைக் கூனிக்குறுக வைத்தது. கூலரை மாட்டிய பிறகும் சத்தம் வருமே, அதற்கு என்ன சொல்வது என்றும் ஒரு பதில் தயார் செய்துகொண்டாள். பெட்டியே சரியில்லை போலிருக்கிறது சார் என்று சொல்லலாம். பார்த்தீர்களா, பழகாதவள் பழக ஆரம்பித்துவிட்டாள்.

பார்சல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை வெளிச்சத்துக்காக அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலடியில் வைத்துத் திறந்தாள். பழைய கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்து, புதுப் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, புதுக் கூலரை அழுத்தி நாலு ஸ்க்ரூவையும் மாறி மாறி முறுக்கினாள். மலையாண்டி குழாயை மூக்கில் மாட்டியபடியே எட்டிப் பார்த்தார். எந்த மெஷினைத் திறந்தாலும் அவருக்குப் பார்க்க வேண்டும்.

"நல்லா ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு, எதுக்குத்தா கழட்டுற?"

"சத்தம் போடுதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்கப்பா."

"இதுவா?"

"ம்."

வயரைச் சொருகி அவள் ஓட விட்டுப் பார்த்தபோது, மலையாண்டி குனிந்து பெட்டியில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "பழசும் சத்தம் போடலியேத்தா" என்றார். மணிமேகலை கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்குகிற மாதிரி தரையைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த தன் மெஷினைப் பார்த்தார். போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மீட்டிங். செவந்தி வேலைக்குப் போய்விட்டிருந்தார். மணிமேகலை மைக்கைத் திறந்து வணக்கம் சொன்னாள். ஒரு நொடி எல்லோரும் கேட்டார்கள்.

"மணி! சத்தமே இல்ல!" என்று ராம்நாத் கத்தினார். யாரோ கை தட்டினார்கள். எட்டு மில்லிமீட்டர் கேப்பைப் பற்றி ராம்நாத் மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். மணிமேகலை சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். கூலர் உண்மையாகவே வேலை செய்துவிட்டது என்று ஒரு கணம் அவளே நம்பினாள். அந்தப் பொய்யோடு அத்தனை நாள் குடியிருந்தாளே.

தன் வேலையைப் பற்றி விவரமாகவே பேசினாள். அடுத்தவர் பேச ஆரம்பித்ததும் மைக்கை மூடினாள். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. அப்போதுதான் அப்பாவின் மெஷின் ஓடவில்லை என்று உறைத்தது. எழுந்து ஓடினாள்.

மலையாண்டி கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். உதடு கறுத்திருந்தது. தோள்பட்டை இரண்டும் ஏறி ஏறி இறங்கின. இருமல் வெளியே வராமல் துண்டை வாயில் பொத்தியிருந்தார். மகளைப் பார்த்ததும் இன்னொரு கையைத் தூக்கி, போ, போய்ப் பேசு என்று ஆட்டினார்.

அவள் சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமி எழுந்தது. குழாயைச் சரியாக மாட்டி, முதுகை நீவிக்கொண்டே, "ஏம்பா நிறுத்துனீங்க? ஏம்பா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல அவருக்கு மூச்சு திரும்ப வேண்டியிருந்தது. "மொதலாளி... பேசுறப்ப... நிப்பாட்டணும்ல" என்றார்.

குவாரியில் அவருக்குக் கம்ப்ரசர் ஓட்டுகிற வேலை. பாறையைத் துளைக்கிற கருவிக்குக் காற்று அனுப்புகிற பெரிய இன்ஜின். குவாரி முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கினால் உடனே அதை அணைத்துவிட வேண்டும். பேசி முடிக்கிற வரைக்கும் ஆட்கள் அப்படியப்படியே நிற்பார்கள். முதலாளி கை தூக்குகிற வரைக்கும்கூட மலையாண்டி வைத்துக்கொள்ள மாட்டார். போன் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தாலே அணைத்துவிடுவார். அதற்காகவே முதலாளியிடம் நல்ல பேர். அவர் மகளும் இப்போது முதலாளியோடு பேசுகிறாள். நடுவில் சத்தம் போடுகிற மெஷின் அவருடையது. அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

"என்னாலதானத்தா ஒனக்கு எடைஞ்சலு. நீ சொல்லியிருக்கலாம்ல" என்றார். குரலில் கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி சொன்னார். கோபப்பட்டிருந்தால் மணிமேகலைக்குத் தாங்கியிருக்கும். அவமானம் என்பது என்னவென்று அந்த இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. மூக்கில் குழாயோடு இருக்கிற அப்பாவை நினைத்து அவள் இத்தனை நாள் பட்டது ஒன்றுமே இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம் ராம்நாத் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் உதட்டில் நிறம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, போய் உட்கார்ந்து மைக்கைத் திறந்தாள். உறுமலும் புஸ்ஸும் சேர்ந்து போயின.

"அய்யய்யோ, மறுபடி வந்துருச்சே!" என்றார் ராம்நாத். "பேஸ்ட் சரியாத் தடவலையோ? ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தாக்கூட இப்படி ஆகும் மணி."

தயார் செய்து வைத்திருந்த பதில் அவளுக்கு நினைவில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"அது ஃபேன் இல்ல சார்" என்றாள். "எங்கப்பாவோட ஆக்ஸிஜன் மெஷின். மொத நாள்ல இருந்தே அதுதான். எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழைய கூலர்லயும் ஒண்ணும் கோளாறு இல்ல, உங்க மேல தப்பே இல்ல சார். எங்கப்பா குவாரியில..."

தட்டிக்கு அந்தப் பக்கம் உறுமல் நின்றுபோனது.

தட்டி வழியாக மகளுடைய பேச்சு வார்த்தை வார்த்தையாகப் புரியவில்லை மலையாண்டிக்கு. முதலாளியோடு மறுபடி பேசுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. கையை நீட்டி அணைத்துவிட்டார்.

"அப்பா! போடுங்கப்பா!" என்று மணிமேகலை திறந்திருந்த மைக்குக்கு முன்னாலேயே அலறினாள். "நான் பேசுறப்பவும் போடுங்கப்பா! அவங்க கேட்டா கேக்கட்டும், போடுங்கப்பா!"

மெஷின் மறுபடி உறுமுகிற வரைக்கும் சென்னையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.