கரண்ட் போகக் காத்திருந்தவன்

எங்கள் தெருவில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணி என்று பகல் முழுக்க நிறுத்துவார்கள். முதல் நாளே செல்போனில் தகவல் வந்துவிடும். அதைப் பார்த்ததும் தெருவே தலையில் கை வைத்துக்கொள்ளும். ஊருக்காக நானும் உச்சுக் கொட்டுவேன். உள்ளுக்குள் மட்டும், அப்பாடா, நாளைக்கு ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்கலாம் என்றிருக்கும்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம். பிழைப்போ விசைத்தறியில். இந்த இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டியவனை எங்கே போய்க் கேட்பது? எங்கள் வீட்டுப் பின்கட்டில் தறி ஓடுகிறது. பக்கத்து வீட்டில் ஓடுகிறது. எதிர் வீட்டிலும் ஓடுகிறது. காலையில் ஸ்விட்சைப் போட்டால் பொழுது சாயும்வரை அதே சடக் சடக்தான். தறிக்கூடத்துக்குள் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேசிப் பிரயோஜனமும் இல்லை. எல்லாம் கைஜாடை. ஒட்டிய இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் இரு, தறியைத் தொடாதே. என் மனைவியும் நானும் கல்யாணமான புதிதில் சண்டை போட்டதுகூட ஜாடையில்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் நான் பாட்டை விட்டதில்லை. காதில் இயர்போனைச் செருகி, தறியை மீறிக் கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். என் மனைவி அதற்கு நேர்மாறு. தறிப் பக்கம் வரும்போதே காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் வருவாள். ரசனை இல்லாத ஜென்மம் என்று அவளைக் கிண்டல் செய்வேன். பஞ்சு இருந்ததால் அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

சரி, கூடத்தை விட்டு வெளியே வந்தாலாவது பாட்டு கேட்க முடிகிறதா? பக்கத்து டவுன் சேத்துப்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், பல்லவி முடிந்ததும் டிரைவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார். சரணத்தின் மேல் அவருக்கு என்ன கோபமோ தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நடந்து வருகிற நேரத்துக்கு ஒரு துண்டு, பெண் வெட்கப்படுகிற நேரத்துக்கு ஒரு துண்டு என்று பாட்டைக் கறிக்கடையில் மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஆள் கையில் போன், போனுக்குப் போன் ரீல்ஸ். ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும். என் மகள் காலேஜில் படிக்கிறாள். ஒரு பாட்டை நாள் முழுக்க முணுமுணுப்பாள். அடுத்த வரி என்ன என்று கேட்டால், "அடுத்த வரி வேற இருக்காப்பா?" என்பாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது இப்போதைய பாட்டுகளின் ஒலிப்பதிவு. சலங்கை இல்லை, மணி இல்லை, குழல் இல்லை. போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்தது போல எல்லாம் மந்தமாக இருக்கிறது. பாடுகிறவர்களோ 'ச'வையும் 'ஸ'வையும் முழுங்கிவிட்டுத்தான் பாடவே வருகிறார்கள். பழைய பாட்டைப் போடுங்கள், குழல் எப்படி வந்து காதில் உட்காருகிறது! கொஞ்ச வருஷமாகவே இந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. எந்தப் புதுப் பாட்டு வந்தாலும் போனில் அதன் கீழே போய்க் கமெண்ட் எழுதுவேன். ஒலிப்பதிவு செய்தவர் தூங்கிவிட்டாரா என்று ஒரு பாட்டுக்கு, இதற்குப் பதில் எங்கள் தறியையே பதிவு செய்திருக்கலாம் என்று இன்னொன்றுக்கு. சரியாகச் சொன்னீர்கள் சார் என்று நாலு பேர் வருவார்கள். வயசாயிடுச்சு பெருசு என்றும் சிலர் வருவார்கள். அவர்களுக்கும் பதில் எழுதுவேன்.

இந்த நிலைமையில், எனக்கு ரொம்பப் பிடித்த இசையமைப்பாளரின் புதுப் பட ஆல்பம் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வெளிவந்தது. என் இளவயசு முழுக்க அவர் பாட்டில்தான் ஓடியது. இவராவது கெடாமல் இருக்கிறாரா என்று தெரிந்தாக வேண்டும். இவரும் கெட்டிருந்தால் இனிமேல் புதுப் பாட்டு என்ற பக்கமே திரும்பக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் தறிச் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்க மனசு வரவில்லை. எப்படியும் நாலைந்து நாளில் இந்த மாதத்துக் கரண்ட் நிறுத்தம் வந்தாக வேண்டும், அன்றைக்குச் சுத்தமாகக் கேட்போம் என்று வைத்திருந்தேன். அதுவரை பட்ட பாடு கொஞ்சமா? டீக்கடையில் யாரோ ரீல்ஸைத் திறந்ததும் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்தேன். மகளிடம் வீட்டில் ஹெட்போன் இல்லாமல் போனைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். "பரீட்சை பேப்பரா லீக்காவுது, ஒரு பாட்டுதானப்பா" என்றாள்.

அந்த நாளும் வந்தது. காலையில் தெரு முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதி எனக்கு மட்டும்தான் சொர்க்கம். மற்றவர்களுக்கு அது ஊர்க்கதை பேசுகிற நாள். தறி ஓடாத நாளில்தான் துக்கம் விசாரிப்பார்கள், பெண் பார்ப்பார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள். ஹெட்போனைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாப்பா பண்ணிகினு கீற? கரண்ட் இல்லாம ஒரே பேஜாரா கீது" என்றார், தறி ஓடும்போது கத்துகிற அதே குரலில். எங்கள் ஆட்கள் தறி நின்றாலும் தொண்டையை நிறுத்துவதில்லை. அவர் சம்பந்தி வீட்டு விவகாரம் மொத்தத்தையும் கேட்டு, அவரை அனுப்புவதற்குள் மத்தியானச் சாப்பாடே முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் பின்கட்டுக்குப் போய், நிற்கிற தறிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டைப் போட்டேன். எங்கோ அடியில் தாளம் கேட்டது. அதற்கு மேலே ஒன்றுமில்லை, வெற்றிடம். ஏதாவது வரும், வரும் என்று காத்திருந்தேன். ஒரு பெண் குரல் வந்தது, அதுவும் வார்த்தைகளைப் பாதி பாதியாக முழுங்கிக்கொண்டு. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். போச்சு, இந்த மனுஷனும் போய்விட்டார். கோபத்தில் போனை எடுத்து, 'உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை ஐயா' என்று தட்ட ஆரம்பித்தேன்.

மகள் வந்து ஹெட்போனைத் தன் போனில் செருகி மாட்டிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து போட்டாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"ப்பா, இந்த ஃப்ளூட்டு செமயா இருக்குல்ல."

"எந்த ஃப்ளூட்டு?"

"ஆரம்பத்துலேர்ந்து போய்கினே இருக்கே."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். அடியில் தாளம், மேலே வெற்றிடம். இடதை வலதில் மாட்டினேன். வேறு ஹெட்போன் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் வந்தது, அதே வெற்றிடம். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, நியாயம் சொல்லச் சொல்லி மாட்டிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். "ஏங்க, நல்லா வருதுங்க. மேல போயி மேல போயி எறங்கிகினு வருது. உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள்.

"பழைய பாட்டைப் போடு, எனக்கு எல்லாம் கேக்கும்" என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது. மகள் நான் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு ஒன்றைத் தேடி, ஹெட்போன் இல்லாமல் போனிலேயே சத்தமாக வைத்தாள். முதல் இடையிசையில் குழல் வருகிற இடம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தி, "இதோ, இதுல கேக்குது பாரு" என்றேன்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ப்பா, அது இன்னும் வரலப்பா. இப்பதான் ஆரம்பிக்குது" என்றாள்.

எனக்கு அதற்குள் குழல் பாதி வாசித்து முடிந்திருந்தது. ஞாபகம்தான் வாசித்திருக்கிறது. பழைய பாட்டு மட்டும் ஏன் நன்றாக இருந்தது என்று அப்போது புரிந்தது. யார் யாரைத் தூங்கிவிட்டாரா என்று கேட்டேனோ, அவர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். பஞ்சு வைத்தவளுக்குக் கேட்கிறது, பாட்டு வைத்தவனுக்குக் கேட்கவில்லை. இது என்ன நியாயம் என்று யாரிடமாவது சண்டை போட வேண்டும் போலிருந்தது. சண்டை போட ஆள் இல்லை. பயமாகவும் இருந்தது.

"வேலூருக்குப் போயி காத காட்டிட்டு வந்துரலாம்ப்பா" என்றாள் மகள். போனில் பாதி தட்டிய வரி அப்படியே கிடந்தது. அழித்தேன்.

மனைவி புதுப் பாட்டை மறுபடி போடச் சொன்னாள். இயர்போனில் எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். எனக்குத் தாளம் வந்தது. அவள் என் எதிரில் நின்றுகொண்டு ஒரு விரலை எடுத்து மேலே கொண்டுபோனாள். நடுங்கவிட்டாள். மெதுவாக இறக்கினாள். ஓரிடத்தில் ஒட்டிய இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினாள், குழல் அறுந்துவிட்டது. மறுபடி ஒரு விரல் எழுந்தது. தாளத்தில் அவள் எப்போதுமே முன்னே பின்னேதான். வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். கண்ணை எடுக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்துவிட்டது. எதிர் வீட்டில் முதலில் ஆரம்பித்தது, அப்புறம் பக்கத்து வீட்டில். பழக்கத்தில் என் கை ஸ்விட்சுக்குப் போனது. அவள் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். பாட்டு இன்னும் முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.