நாயின் இடது பக்கம்

ஈப்போவில் நாய்க்கு முடி வெட்டத் தெரிந்த முதல் தமிழன் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். இன்றைக்கு எனக்கு இரண்டு கடைவீடு இருக்கிறது. இரண்டும் நாய் முடியில் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது நான் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பத்தொன்பது வருசம் ரப்பர் மரம் சீவினேன். பால்மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். அதோடு தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது. லாரி ஓட்டக் கற்றிருந்ததால் பிழைத்தேன். தவுக்கே வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே வந்த இரண்டாம் வருசம் என் மனைவி இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடித்து மறுநாள் காலையிலேயே காரைத் துடைத்து வைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனுசன் இரும்பு என்று நம்ம ஆட்கள் இருக்கும் புந்தோங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தது என்பது வேறு விசயம்.

எட்டு மாதம் கழித்துத் தவுக்கேயும் போய்விட்டார்.

அவர் ஒரு நாய் வளர்த்தார். சாம்பல் நிறம், மனுசனுக்கு இருப்பதுபோல் தாடி, மீசை, கண்ணை மறைக்கும் புருவம். ஷ்னாவ்சர் என்று பெயர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கார் நிற்கும் கூரைக்குக் கீழே மேசை போட்டு, அதன் மேல் நாயை நிறுத்தி, தவுக்கேயே முடி வெட்டுவார். வேறு யாரையும் கிட்டே விடமாட்டார். நாயும் விடாது.

அந்த வீட்டு வழக்கப்படி, சாவு விழுந்தால் நூறு நாளைக்குப் பிள்ளைகள் முடி வெட்டக்கூடாது. முதலாளியம்மா அதை நாய்க்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "அதுவும் அவர் பிள்ளைதான்" என்றார். நூறு நாளில் அந்த நாய் என்ன ஆயிற்று தெரியுமா? நனைந்த சாக்கு மாதிரி ஆயிற்று. காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், தாடையில் எல்லாம் சடை. தாடியில் ஒட்டிய சோறு புளித்து நாறியது.

நூறாம் நாள் சாமி கும்பிட்டு முடிந்ததும், கோலாலம்பூரில் இருக்கும் ஒரே மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாயிடம் மலாயில் சொன்னான். வேலைக்காரர்கள் நாங்களும் கேட்கட்டும் என்றுதான் மலாயில் சொன்னான்.

"அடுத்த ஞாயிறு வாரேன். அதுக்குள்ள இது நாய் மாதிரி இருக்கணும். இல்லைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டு முடிச்சுடலாம். அப்புறம் நீங்க இங்க தனியா என்ன செய்யப் போறீங்க? என்கூட வந்துடுங்க."

நாய் போனால் முதலாளியம்மா போவார். அவர் போனால் கார் போகும். கார் போனால் நான் எங்கே போவேன்? எனக்கு இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

முதலாளியம்மா நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உனக்கு முடியுமா?"

"முடியும் மேம்."

வாழ்க்கையில் யாரிடமும் முடியாது என்று சொன்னது கிடையாது. நாய்க்கு எந்தப் பக்கம் முடி வளரும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை முதல் வேலையாக நாயைக் குளிப்பாட்டினேன். நாறுகிறதே, குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் சடையெல்லாம் இறுகி, கால்மிதி மாதிரி கெட்டியாகிவிட்டது. துணி துவைக்க வரும் அக்கா கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே சிரித்தது.

"அண்ணே, உங்க வீட்டுல பொம்பளைங்க தலை வாரி நீங்க பாத்ததே இல்லையா? சிக்கெடுக்காம யாராச்சும் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்களா?"

"நாய்க்கும் மனுசனுக்கும் ஒண்ணா அக்கா?"

"முடி முடிதான் லா. தேங்காயெண்ணெயைப் போட்டு ஊற விடுங்க. நுனியில இருந்து பிரிங்க. வேரைப் பிடிச்சு இழுத்தீங்க, கடிச்சுத்தான் வைக்கும்."

அக்கா சொன்னது சரி. அதை அக்காவிடம் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கார்க் கூரைக்குக் கீழே குந்தி, இரும்புச் சீப்பால் நுனியிலிருந்து ஒவ்வொரு முடியாகப் பிரித்தேன். நாய் உறுமியது. புதன்கிழமை மத்தியானம் என் கையைக் கடித்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. "அண்ணே, ரத்தம்!" என்று அக்கா கத்தியபோதுதான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி சீப்பை எடுத்தேன். வலி இருந்ததாகச் சொன்னால் பொய். நாய் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. அதற்குப் பிறகு அது கடிக்கவில்லை.

தவுக்கேயின் அலமாரியில் நாய்களைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது, ஆனால் படம் பார்க்கத் தெரியும். இந்த ஜாதி நாய் ஒரு பக்கம் முழுக்க நின்றிருந்தது, வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு. முதுகில் முடி ஒட்ட வெட்டியிருந்தது. வயிற்றுக்குக் கீழே மட்டும் நீளமாகப் பாவாடை மாதிரி தொங்கியது. அந்தப் பாவாடையின் மேல்கோடு பின்தொடைக்குப் பக்கத்தில் உயரமாக ஆரம்பித்து, முன்னங்காலை நோக்கிச் சாய்வாக இறங்கியது.

அந்தச் சாய்வைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இடது கைப்பக்கம் உயரம், வலது கைப்பக்கம் இறக்கம். பால்மரத்துப் பட்டையில் பத்தொன்பது வருசம் நான் போட்ட கோடு அதுதானே! மரத்துக்குக் காயம் படாமல், காகிதம் மாதிரி பட்டை எடுப்பேன். வெட்டைச் சோதிக்க வரும் தண்டல் என் நிரையில் குறை கண்டு ஒரு நாளும் பேர் எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை தவுக்கேயின் முடி வெட்டும் கரண்டு மெஷினை எடுத்து வலது பக்கத்தை முடித்தேன். எப்படி வந்தது என்கிறீர்கள்! புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் இருப்பதைவிட என் நாய் நன்றாக இருந்தது. புருவத்தைக் கத்தரிக்கோலால் கூர்மையாக எடுத்தேன். தாடியைச் சதுரமாக விட்டேன்.

சனிக்கிழமை நாயைத் திருப்பி நிறுத்தினேன். இடது பக்கத்துக்குப் படம் கிடையாது. படம் எதற்கு, கைக்குத்தான் தெரிந்துவிட்டதே என்று மெஷினை வைத்தேன். சர்ரென்று போனது. முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன்.

கை அதன் வழக்கப்படி போயிருக்கிறது. இடது கைப்பக்கம் உயரம், வலது கைப்பக்கம் இறக்கம். ஆனால் நாய் திரும்பி நிற்கிறது. முன்னங்காலுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டிய கோடு அங்கே மேலே ஏறிவிட்டது. தொடைப் பக்கம் ஏற வேண்டியது கீழே சரிந்துவிட்டது. வெட்டிய முடியைத் திரும்ப ஒட்ட முடியுமா?

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு நாயைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தது.

"இந்தப் பக்கம் பாத்தா துரை. அந்தப் பக்கம் பாத்தா கூலிக்காரன்."

"போய் வேலையைப் பாருங்க அக்கா."

"நாளைக்கு ஐயா வந்தாருன்னா?"

"வலது பக்கத்தைக் காட்டுவேன்."

"நாயி கேக்குமா?"

அன்றைக்குச் சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. பெட்டியில் துணியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன். பயம் என்று சொல்லமாட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகனின் கார் வந்தது. நான் நாயை மேசைமேல் ஏற்றி, வலது பக்கம் வாசலைப் பார்க்க, கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றேன். அவன் இறங்கி நாலு எட்டு வைத்தான். நின்றுவிட்டான். அவன் அப்பா இருந்தபோது அந்த மேசையில் நின்ற நாய் அப்படியே நிற்கிறது. அப்புறம் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

அவன் குரலுக்குக் காத்திருந்ததோ என்னவோ, நாய் வாலை ஆட்டிக்கொண்டு முழுசாகத் திரும்பிக்கொண்டது.

அவன் இடது பக்கத்தைப் பார்த்தான். குனிந்து, விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழே தடவினான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"நீ முன்னாடி ரப்பர் மரம் வெட்டினவனா?"

"ஆமா பாஸ். பத்தொன்பது வருசம்."

"பால் வடியக் கோப்பை எங்கே கட்டியிருக்கே?"

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். சத்தம் கேட்டு முதலாளியம்மா வெளியே வந்தார். மகன் சீனத்தில் ஏதோ சொல்லி நாயின் வயிற்றுக்குக் கீழே கையைக் கோப்பை மாதிரி வைத்துக் காட்டினான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். மகன் ஒரு கையால் தாயையும் ஒரு கையால் நாயையும் பிடித்துக்கொண்டான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அக்கா மூக்கைச் சிந்தியது. எல்லோருக்கும் நடுவில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரைக்குக் கீழே வெயில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தேன்.

ஊசிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. கிளம்பும்போது மகன் என்னிடம் சொன்னான்: "அடுத்த மாசம் வாரேன். அந்தப் பக்கமும் சரியா இருக்கணும்."

அதற்கு முன்னால் வருசத்துக்கு ஒரு தடவை சீனப் பெருநாளுக்கு மட்டும் வந்தவன் அவன். அதற்கப்புறம் மாதாமாதம் வந்தான், நாயைப் பார்க்கிறேன் என்று. அதைச் செய்தது யார்? நான்.

இடது பக்கத்துக்கு என் கையை மாற்ற வேண்டியிருந்தது. வலது கை கேட்கவில்லை. மெஷினை இடது கைக்குக் கொடுத்தேன். கரண்டைப் போடாமல், வாசலில் கிடந்த தேங்காய்நார்க் கால்மிதியின்மேல் தினமும் தள்ளிப் பழகினேன். வலமிருந்து இடம், உயரத்திலிருந்து இறக்கம். இரண்டாம் மாதம் கொஞ்சம் கோணல். மூன்றாம் மாதம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அக்காவிடம் அதுவே பெரிய சர்டிபிகேட்.

நாலாம் மாதம் மகன் வந்து மேசையை இரண்டு முறை சுற்றினான். குறை எதுவும் அகப்படவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போனான்.

முதலாளியம்மா மட்டும் நின்றார். "உனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டார்.

"சந்தோஷம் மேம்" என்றேன். கேட்டதால் சொன்னேன்.

நாயை மேசையிலிருந்து இறக்கிவிட்டேன். அது நேரே போய் முதலாளியம்மாவின் செருப்பின்மேல் தாடியை வைத்துப் படுத்துக்கொண்டது.