பஞ்சை எரிப்பது யார்?

சூரியன் தன் கையைச் சுட்டுக்கொண்டால் கட்டுப்போட என் மாமாவிடம்தான் வரும். வரிசையில் நிற்கவும் வேண்டும், சிபாரிசெல்லாம் செல்லாது.

மாமா என் அம்மாவின் அண்ணன். தீக்காய வார்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுப்போடுகிறார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் உலை கொதிப்பதும் அவரால்தான். கடல் தாண்டி வந்த டாக்டரம்மாவோடு அவருக்குத் தினமும் ஒரே சண்டை: பஞ்சை எரிப்பது நெருப்பா, அல்லாஹ்வா? தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பு ஒரு இஸ்லாமிய அறிஞர் கிளப்பி, அடுத்த நூற்றாண்டில் இன்னொருவர் மறுத்த கேள்வியாம்.

“நெருப்பும் பஞ்சும் சேர்றதைத்தான் நாம பாக்குறோம். எரிக்கிறது அவன்” என்பார் மாமா.

“எங்க பக்கத்துலயும் ஒருத்தர் அறுநூறு வருஷம் கழிச்சு இதையே கேட்டார், பாய். ஆண்டவனை மட்டும் விட்டுட்டார்” என்பார் டாக்டரம்மா.

“பாலை விட்டுட்டுப் பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போனாரா? நல்ல ஆளு!”

போன மாதம் வார்டில் ஹீட்டர் வயர் உருகித் தீப்பிடித்தது. நான்காம் கட்டில்காரம்மா இறந்துபோனார். இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர். கடைசிக் கட்டும் மாமா போட்டதுதான். அந்த வயரை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரி மேனேஜர் ஒரு தாளோடு வீட்டுக்கே வந்தார். வயரில் குறை இல்லை, எல்லாம் இறைவன் செயல் என்று அதில் இருந்தது.

“எரிக்கிறது ஆண்டவன்னு நீங்கதானே சொல்வீங்க பாய்? ஒரு கையெழுத்துதான்.”

“ஆமா சார். ஆனா அவன் வழக்கம் லேசுல மாறாது. அதைப் படிக்கிறதுக்குப் பேர்தான் அறிவியல். வயர் உருகினா தீ வரும், அது அவன் வழக்கம். சொல்லியும் மாத்தாதது உங்க வழக்கம்.”

“காலையில கையெழுத்து வரலேன்னா நீங்களும் வர வேணாம்.” தாளை வைத்துவிட்டுப் போனார்.

அம்மா அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் உருப்படியாகத் தேறியது ஒன்றுதான்: ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தைப் போடுவது. மாமா தொழப் போனதும் அவருடைய மைப்பேனாவை எடுத்து அவர் கையெழுத்தைப் போட்டேன். ஓடிப்போய் மேனேஜர் அறைக் கதவுக்கடியில் தாளைத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் பாதி வேலையில் மாமா வீடு திரும்பினார்.

“மேனேஜர் கைகுலுக்கி நன்றி சொன்னார். நான் எப்போ கையெழுத்துப் போட்டேன், வாலு?”

“பேனாவா மாமா எழுதுது? எல்லாம் அவன் எழுதுறதுன்னு நீங்கதானே சொன்னீங்க!”

அவர் சிரிக்கவில்லை.

“சரி. மை பட்டா கறை நிக்கும், அதுவும் அவன் வழக்கந்தான். விரலைக் காட்டு.”

நீட்டினேன். காயம் பார்ப்பதுபோல மெதுவாகப் பிடித்துத் திருப்பினார்.

“வேலை போயிடுமே மாமா.”

“போகட்டும். செருப்பைப் போடு. இந்த விரலை மேனேஜரும் பாக்கணும்.”