வெறும் வயிற்றோடு போன பூசை

சிங்காநல்லூர் மில் ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பழைய மாதா கோவில்கள் என்றால் எனக்குப் பைத்தியம். ஞாயிறு விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். ஓரிடத்தில் தேக்குப் பீடம். இன்னோரிடத்தில் உள்ளூர்க் கைவேலையில் மீசை முறுக்கி நிற்கும் சூசையப்பர். துணைக்கு மில்லில் என் பக்கத்து மேஜைக்காரன் வருவான். தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த கவுண்டர் வீட்டுப் பிள்ளை. நாங்களும் வேதக்காரர்கள்தான். ஆனால் என் அப்பாவும் அவர் அப்பாவும் பண்ணையாட்கள். மில்லில் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டதால் அதெல்லாம் எங்களுக்குள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு சூலூர் தாண்டிச் சோளக்காடுகளுக்கு நடுவில் ஒரு கோவில். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வெறும் வயிற்றோடுதான் வாங்க வேண்டும் என்பதால் இருவரும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் சைக்கிள் மிதித்தோம். உள்ளே நடுவில் மரக்கிராதி போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நான் பீடத்தையே பார்த்தபடி அவனோடு முன்னால் போய் முழந்தாளிட்டேன்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் குனிந்து, "ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க? எந்தத் தெருங்க?" என்றார்.

ஊரைச் சொன்னேன். ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தெருவையும் சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அக்கட்டால போயி நில்லு."

'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை. நண்பனைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிச் செபித்துக்கொண்டிருந்தான். அத்தனை பக்தியை அவனிடம் அதற்கு முன் நான் கண்டதில்லை.

கிராதிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நெருக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டார்கள். நான் அங்கே போகவில்லை. வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் வெயிலில் நின்றேன்.

பூசை முடிந்ததும் சாமியார் வெளியே வந்தார். வெள்ளைக்காரர், தாடி வைத்தவர். "ஏன் நன்மை வாங்காமல் போனாய்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"பொறுமையாய் இரு, மகனே. அவர்கள் கோபித்துக்கொண்டால் கோவிலுக்கே வரமாட்டார்கள்."

"நாங்க கோவிச்சுக்கிட்டா, சாமி?"

அவர் சிரித்து என் தோளைத் தட்டினார். "நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அதற்குள் உபதேசியார் நண்பனைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். அவன் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "நீ முன்னால போ. நா சாப்பிட்டுப்போட்டு வாரேன். கூப்புடறவங்கள வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?" என்றான்.

"அவரு என்னைய எந்திரிக்கச் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"ஊரு வழக்கம். நாம என்ன பண்றது?"

நான் தனியாகத் திரும்பினேன். வழியில் மடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தேன். வெறும் வயிறு. வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து மிதித்தேன்.

மறுநாள் மில்லில் அவன் எதுவும் நடக்காதவன்போல அந்த வீட்டுக் கோழிக் குழம்பைப் பற்றிச் சொன்னான். நான் தூக்குப்போசியைத் திறக்காமல் இருந்தேன். அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. சனிக்கிழமை என் வீட்டு வாசலில் சைக்கிள் மணியடித்து, "நாளைக்கு எந்தக் கோவிலு?" என்றான்.

"சைக்கிள் பஞ்சரு."

சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளின் இரண்டு டயர்களையும் பார்த்தான். காற்று நிறைய இருந்தது. தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். அப்புறம் அவன் கூப்பிட வரவில்லை. நான் மட்டும் பழக்கம் விடாமல் வேறு ஊர்களுக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். எந்தக் கோவிலிலும் நுழைந்ததும் கண் பீடத்தைத் தேடவில்லை, கிராதியைத் தேடியது. சில மாதத்தில் அதையும் விட்டுவிட்டேன்.