தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம்

என் முன்பல்லை அண்ணன் உடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அவன் புருவத்தை நான் செங்கல்லால் பிளந்தது அதற்கு அடுத்த வாரம். இதைச் சொன்னால் ஏதோ பகையாளிகள் என்று நினைத்துவிடுவீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவர்கள்தான். எங்கள் வீட்டில் பேச்சு முடிகிற இடத்தில் கை ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அப்பா அப்படி, அவரைப் பார்த்து நாங்கள் அப்படி.

அண்ணன் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக்கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவான். நானூறு சுற்று என்றால் நானூறு. ஒன்று குறைந்தாலும் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் அவனைப் போலப் பொறுமைசாலி கிடையாது. நடுவில் யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். "இன்னுமா சுத்துறீங்க?" என்று கேட்ட ஒரு வாடிக்கையாளரை மோட்டார் மூடியால் தோளில் போட்டான். எலும்பு விலகிவிட்டது. உடனே அவனே அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "யார் அடிச்சது?" என்று டாக்டர் கேட்டதற்கு, "நான்தான். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, வலிக்குதாம்" என்றான். கை நீளும், பொய் வராது. அண்ணனை அந்த இரண்டிலேயே சொல்லி முடித்துவிடலாம்.

அதே டாக்டர்தான் அவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பழைய சாமான் கடையில் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு பொம்மை ரயில் எஞ்சின், மூன்று பெட்டி, எட்டுத் துண்டு தண்டவாளம். எஞ்சினுக்குள் இருந்த மோட்டார் விரல்நுனி அளவுதான், எரிந்துபோயிருந்தது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மயிரிழைக் கம்பியை மூன்று நாள் சுற்றினான். நான்காம் நாள் அது சாப்பாட்டு மேசைமேல் ஓடியது. அண்ணன் சிரித்தான். ஐம்பது வயதில் அவன் அப்படிச் சிரித்ததைப் பார்த்து நானும் அண்ணியும் ஆடிப்போய்விட்டோம்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் கல்யாணம் ஆகாதவன், தகரப் பட்டறையில் வேலை. மாடியில் இரண்டே அறை. முன்னறை அவர்களுக்கு, பின்னறை எனக்கு. முன்னறையில் பலகை போட்டு, ஸ்டேஷன், பாலம், மலை எல்லாம் வைத்து ஒரு முழு ரயில்பாதை அமைக்கலாம் என்று அண்ணன் கிளம்பினான். நானும் சேர்ந்துகொண்டேன். சேர்ந்திருக்கக் கூடாது.

கம்பிவலை வைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, நான் ஒரு மலை செய்தேன். நடுவில் குகை. பெட்டியின் கூரை குகையில் இடித்தது. "அளந்தியாடா?" என்றான். "நீ பெட்டிய அளந்தியா?" என்றேன். மலையை ஒரே உதையில் சுவரோடு சேர்த்தான். நான் அவன் ஸ்டேஷனை எடுத்துப் போய்த் தண்ணீர் வாளியில் அமுக்கி, அட்டை ஊறிக் கரையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஈயம் வைக்கிற சூடான கம்பியை என் முன்கையில் வைத்தான். இன்னும் தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். நான் பதிலுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொன்னால் நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள்.

இதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. அண்ணன் அண்ணியை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. வெளியில் மார்தட்டிச் சொல்லிக்கொள்வோம். நாங்கள் ஒருவருக்கொருவர் குறி வைத்து வீசுவது அவர் மேல் பட்டுக்கொண்டே இருந்ததை மட்டும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளைவு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று சண்டை. அண்ணன் கையில் மரச்சுத்தியல் இருந்தது. வீசினான். நான் குனிந்தேன். பின்னால் அண்ணி தட்டுகளோடு வந்துகொண்டிருந்தார். இடது காதுக்கு மேலே பட்டது. அவர் கத்தவே இல்லை. தட்டுகள் உடைந்த சத்தம்தான். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி, ரவிக்கையெல்லாம் சிவப்பாகிவிட்டது. ஆறு தையல். இடது காது போயே போய்விட்டது. இப்போதும் வகுப்பில் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் வலது காதைக் காட்டித்தான் கேட்டுக்கொள்கிறாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் தினமும் போய் வாசலில் நின்றான். பத்தாம் நாள் அண்ணி வெளியே வந்தார். நானும் உடன் இருந்தேன்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. அந்த ரயில கட்டி முடிங்க. ஒரு முழுச் சுத்து ஓடணும். அதுவரைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் கை வைக்கக் கூடாது. ஒரு அடி விழுந்தாலும் முதல்லேருந்து. அப்படி ஓட்டிக் காட்டுங்க, நான் வந்துடுறேன்."

"தூக்கிப் போட்டுடறேன் அந்த ரயில. எதுக்கு அது?" என்றான் அண்ணன்.

"போட வேணாம். ரயில் இல்லன்னா வேற எதுக்காவது அடிச்சுக்குவீங்க. அதை வெச்சுத்தான் நான் பாக்கணும்." பிறகு கணக்கு டீச்சராயிற்றே, வழியும் அவரே போட்டுக் கொடுத்தார். "அவர் பாதி அவர் ரூம்ல கட்டட்டும். தம்பி, உன் பாதிய நீ உன் ரூம்ல கட்டு. நடுச்சுவத்துல ஓட்டை போட்டுச் சேத்துக்குங்க. ஒருத்தர் ரூமுக்குள்ள ஒருத்தர் போகாதீங்க."

அப்படியே செய்தோம். பாதை முன்னறையில் கிளம்பி, சுவரின் ஒரு ஓட்டை வழியாகப் பின்னறைக்கு வந்து, திரும்பி, இன்னொரு ஓட்டை வழியாக முன்னறைக்குப் போக வேண்டும். உளி வைத்துச் சுவரைக் குடைந்த அன்று இரண்டு பேருக்கும் மனசு லேசானது. எதிரே ஆள் இல்லாமல் எதையாவது ஓங்கி அடிக்க முடிந்ததே. அளவெல்லாம் கத்தித்தான் சொல்லிக்கொள்வோம்.

"எவ்வளவு ஒசரம்டா வைக்கிற?"

"நீ எவ்வளவு?"

"தரையிலேருந்து முப்பத்தாறு அங்குலம்."

"அதே வெச்சுடறேன்."

ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி போன் செய்வார். கேட்பது ஒன்றே ஒன்று: "அடி விழுந்துச்சா?" "இல்ல" என்பான் அண்ணன். உண்மைதான். அடியையெல்லாம் சுவர் வாங்கிக்கொண்டது. கோபம் வந்தால் அண்ணன் சுவரில் குத்துவான், மறுபக்கம் என் அலமாரியில் டம்ளர் குதிக்கும். முட்டியில் துணி சுற்றிக்கொண்டுதான் ஈயம் வைப்பான். நான் பட்டறையில் தேவையில்லாத தகரத்தையெல்லாம் நெளித்துத் தள்ளினேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இணைக்கிற நாள் வந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அண்ணன் எஞ்சினைக் கிளப்பினான். அது சமத்தாக வந்தது. சுவருக்குள் நுழைந்தது. வந்த வேகத்தில் என் பலகையின் விளிம்பில் முட்டிக் கவிழ்ந்தது. என் பலகை அவனுடையதைவிட ஒரு அங்குலம் உயரம்.

"நீ என்னத்தடா அளந்த?"

"முப்பத்தாறு. நீதான் தப்பா அளந்திருக்க."

அவன் அறையில் டேப் பிடித்தான், முப்பத்தாறு. நான் பிடித்தேன், முப்பத்தாறு. சந்தேகமே இல்லை, ஒருத்தன் பொய் சொல்கிறான். எல்லாம் மறந்துபோயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு என் அறைக்குள் வந்தான். கையில் கொத்தனார் வைத்திருப்பதுபோல ஒரு முழு நீள ரசமட்டம். அதன் முனையால் என் மூக்கில் இடித்தான். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் அவன் தலைமுடியைப் பிடித்து மேசைக்காலில் மோதினேன். ஒருமுறை அல்ல, எண்ணவில்லை. அவன் என் கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது விட்டுவிட்டான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். என் சட்டை முன்பக்கம் முழுவதும் ரத்தம், அவன் நெற்றியிலும்.

"போச்சு" என்றான்.

"ஒண்ணும் ஆகலேன்னு சொல்லிடலாம்ணே. அண்ணி எங்க பாக்கப் போறாங்க?"

அவன் என்னை முறைத்தான். அவனே போன் போட்டான். அடி விழுந்தது, தம்பி மூக்கு உடைந்தது, என் தப்பு என்று வரிசையாகச் சொன்னான். எதற்கு என்பதையும் சொன்னான்.

"தம்பி ரூம்ல தரை வெடிச்சிடுச்சுன்னு பழைய தரை மேலயே டைல்ஸ் போட்டோம்ல. அந்தத் தரை ஒரு அங்குலம் ஒசரம்" என்றார் அண்ணி. "தட்டு எடுத்துட்டுப் போறப்ப அந்தப் படியில நான் எத்தன தடவ தடுக்கி விழுந்திருக்கேன். ரெண்டு பேரும் பாத்துட்டுத்தான இருந்தீங்க? சரி, முதல்லேருந்து ஆரம்பிங்க."

எட்டு வருடமாக அந்த வாசலை நானும் தினம் தாண்டுகிறேன். என் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒருநாளும் தடுக்கியதில்லை.

அண்ணன் மறுநாள் தன் மேசைக்கால்களுக்கு அடியில் ஒரு அங்குல மரக்கட்டைகளை வைத்தான். என்னை இறக்கச் சொல்லவில்லை. பாதையைப் பிரித்து முதலிலிருந்து போட்டோம், ஏழு மாதம். பாலம் இரண்டுமுறை சாய்ந்தது. என் வளைவில் பெட்டிகள் வரிசையாகக் கழன்று தரையில் விழுந்து ஒன்று சுக்கலாயிற்று, தகரத்தில் புதிதாக ஒன்று செய்தேன். ஒருமுறை கம்பி தொட்டு எஞ்சினே புகைந்தது, மறுபடி மூன்று நாள் சுற்றினான். நாங்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வீங்கிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணி வந்தார். கையில் பை. நல்ல பெரிய பை, மாற்றுத்துணியெல்லாம் இருக்கும்போல. கதவோரம் வைத்தார். அண்ணன் அந்தப் பையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முன்னறையில், ஓட்டைக்குப் பக்கத்தில் அண்ணியை நிற்கவைத்து விசையைத் திருகினான்.

ரயில் கிளம்பியது. பாலம் தாண்டியது, குகைக்குள் போனது, சுவருக்குள் நுழைந்தது. என் அறையில் அது சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டாவது ஓட்டையில் எஞ்சின் முகம் தெரிந்தது. அண்ணி சிரித்துவிட்டார். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. கடைசிப் பெட்டி இணைப்பில் ஏறும்போது ஆடியது. விழப்போகிறது என்று நினைத்து, பிடிப்பதற்காக, அண்ணன் சடாரென்று கையை நீட்டினான்.

அண்ணி குனிந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துத் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி விழவில்லை. ரயில் முழுச் சுற்று முடித்து, அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

அண்ணி மெதுவாக எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது. "ஓடிடுச்சு" என்றார். "நான் சொன்னேன்ல. வந்துடுறேன்னு சொன்னேன்ல." பையைப் பார்த்தார். "நான் வேணும்னு பண்ணலங்க."

"தெரியும்" என்றான் அண்ணன். "நீ கிளம்பு. தம்பி பஸ் ஏத்திவிடுவான்."

"ரயில் ஓடிடுச்சே."

"ஓடட்டும். நீ போ."

கதவுக்குப் போக அவர் அண்ணனைத் தாண்டித்தான் போகவேண்டும். இடம் கொஞ்சம்தான். அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவர் தாண்டிப் போகும்வரை அப்படியே நின்றான்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் அவர் பக்கத்தில் நடந்தேன். ஒரு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் குனிஞ்சிருக்கக் கூடாது அண்ணி. என் மேலதான் பட்டிருக்கணும். நான்தான் காரணம்." அழுதுகொண்டே இன்னும் என்னென்னவோ சொன்னேன். தெருமுனை வரை சொன்னேன்.

அண்ணி நின்று திரும்பினார். "என்ன தம்பி, ஏதாவது சொன்னியா? இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தக் காது கேக்காது."

நான் வலப்பக்கம் போனேன். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி. பை கனமா இல்லன்னு சொன்னேன்."